பதினேழாம் நம்பர் படிவம்

— ரெண்டு டிக்கெட்டா? எதுக்கு ரெண்டு எடுத்தே ஷரீபா? கடலூருக்குப் போறது நீ ஒருத்திதானே?

— அங்க பெட்டியை எறக்கணும்ல நானா. கூடப் பொறந்தவரு நீங்க இருக்கறப்ப கூலிக்கு ஆள் தேடணுமா?

— வெளையாடுறியா? கடலூர் ஓ.டி. ஸ்டேசனுக்கு வதூது மாமா வண்டியோட வர்றாரு. நான்தான் காயிதம் போட்டிருக்கேனே. இன்னிக்கி மூணு மணிக்கு எனக்கு என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா?

— தெரியும். உங்க ஆராய்ச்சி ஆபீசுக்குத் தலைவரு தட்சிணாமூர்த்தி சார் மெட்ராஸ்லேருந்து திரும்பி வர்றாரு. உங்களுக்கு ஆர்டர் குடுக்குறாரு.

— பெர்மனன்ட் ஆர்டர்! மூணு வருஷமா டெம்பரரி. நூத்திருபது ரூபா. அடுத்த மாசம் வேலை இருக்குமா போயிருமான்னு எண்ணிக்கிட்டே ஓட்டுற பொழப்பு. இந்த லியாக்கத் அலிக்கு இன்னிக்கித்தான் விடியுது. இன்னிக்கிப் போயி நான் ரயிலேறுவேனா?

— ஏற மாட்டீங்க.

— அப்ப அந்த டிக்கெட்டு தெண்டம்.

— இருக்கட்டும். வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம்.

— ஹாஸ்டல் வாசல்லயே நில்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். நீ பாட்டுக்கு ஜட்காவுல ஏறி வந்துட்டே. காலேஜை விட்டுப் போறதுக்கு அவ்வளவு அவசரமா?

— எனக்கு அங்க இருந்த வேலை காலையிலயே முடிஞ்சிருச்சு. டி.சி. வாங்கிட்டேன். மெஸ் பாக்கி கட்டிட்டேன்.

— பாக்கி கட்டினியா? எதை வெச்சுக் கட்டுனே?

— அம்மா, பொட்டியை இப்பிடி ஓரமா வெக்கிறேன், சாரல் அடிக்குது. ஏன் சார், காலேஜுப் புள்ளைங்க பொட்டின்னா கழுத்து நரம்பு பொடைச்சுக்கும். இது என்னா, பஞ்சு மூட்டையாட்டம் இருக்குது? இதுக்குக் கூலி கேக்கவே எனக்குக் கூச்சமா இருக்குதுங்க.

— கூச்சமா இருந்தா கேக்காதே தங்கராசு.

— கூச்சம் வேற, வயிறு வேற சார். பாசஞ்சரு சீர்காழியிலயே லேட்டாம். வல்லம்படுகையை விட்டான்னா இங்க மணியடிப்பாங்க. அதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு ஓடியாந்துர்றேன்.

— போய்ட்டு வா. ஷரீபா, பொஸ்தகமெல்லாம் எங்க?

— மெஸ் பாக்கி கட்டிட்டேன்னு சொன்னேனே.

— வித்துட்டியா? எல்லாத்தையுமா? அந்தப் பெரிய தாவர நூலு, அத்தா பினாங்குலேருந்து அனுப்புனது?

— அதுக்குத்தான் நல்ல வெலை கெடைச்சுது.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல! பாரு, ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்க. ஆர்டர் கைக்கு வந்தா சம்பளம் இருநூத்தி அம்பது. அடுத்த ஜூன்ல நானே உன்னைத் திரும்பச் சேத்து விடுறேன். அரைச்சம்பளச் சலுகையும் வேணாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேணாம். உன் காலேஜு ஃபீஸ் முழுசையும் நானே கட்டுறேன். இன்ஷா அல்லா.

— ஜூன் வரைக்கும் வதூது மாமா சும்மா இருப்பாருன்னு நெனக்கிறீங்களா? அவரு வண்டியோட வர்றது என் பெட்டிக்காகவா? அவரு மவனுக்காக. படிப்புதான் நின்னு போச்சே, இனிமே என்ன பேச்சுன்னு அம்மாகிட்ட கேப்பாரு. அம்மா என்ன சொல்லுவாங்க?

— நான் பேசிக்கிறேன். அம்மாவை நான் பாத்துக்கிறேன்.

— சரி, என்னைக் காப்பாத்திட்டீங்க. மத்த நாப்பது பேரை?

— எந்த நாப்பது பேரு?

— நோட்டீஸ் போர்டுல நாப்பத்தோரு பேரு இருக்கு. 'பெண்களுக்கான அரைச்சம்பளச் சலுகை இந்தப் பருவம் முதல் நிறுத்தப்படுகிறது'ன்னு மேல போட்டு, கீழ எங்க பேரு வரிசையா. பதினெட்டாவது நான். ஏன் நிறுத்துறாங்கன்னும் போட்டிருக்கு. 'ஆய்வின் முடிவுப்படி'. அந்த ஆய்வு நீங்க எழுதுனது.

— நான் எழுதுனது ஆராய்ச்சி. சலுகையை நிறுத்துனது கமிட்டி. ரெண்டும் வேற வேற. நான் என்ன, 'பொண்ணுங்க வயித்துல அடிங்க'ன்னா எழுதுனேன்?

— என்ன எழுதுனீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பத்து நாளா அந்த நோட்டீசைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உங்க வாயால கேக்கணும்.

— அதாவது, அறுபது பசங்க, அறுபது பொண்ணுங்க. காலேஜுல படிக்கிறவங்க கையில காசு எவ்வளவு, போதுதா போதலயா, கடன் உண்டா, காசை நெனச்சுத் தூக்கம் கெடுதா. இதுல ஆணுக்கும் பொண்ணுக்கும் என்ன வித்தியாசம். இருபத்திரெண்டு கேள்வி. பசங்கள்ல நூத்துக்கு எழுவது பேருக்குப் பணம் போதல. பொண்ணுங்கள்ல நூத்துக்கு எண்பத்தஞ்சு பேருக்குப் போதுது. கவலை இல்ல.

— எண்பத்தஞ்சு.

— இதுல ஒண்ணும் அதிசயம் இல்ல ஷரீபா. பொம்பளைப் புள்ளைக்கு அப்பன் இருக்கான், அண்ணன் இருக்கான். டீக்கடை உண்டா, சினிமா உண்டா, சிகரெட் உண்டா? செலவு கம்மி. கவலையும் கம்மி. லாஜிக்கா வருது.

— பசங்களை எப்படிக் கேட்டீங்க?

— நேர்ல. ரூம் ரூமாப் போயி, கட்டில்ல ஒக்காந்து கேட்டேன். எல்லாப் பயலும் சினிமாவுக்கு அழுதவன்னு நெனக்காதே. பழனிவேல்னு ஒருத்தன். சாயங்காலம் கீழவீதி ஹோட்டல்ல எலை எடுத்துட்டு, அங்கயே ராச்சோறு சாப்பிடுறான். ஃபாரத்தை எழுதிக்கிட்டே அழுதான். பேனா மை கலைஞ்சு போச்சு. அவனுக்கு ஏதாவது கெடைக்கணும்னுதான் நான் ராப்பகலா அந்த ரிப்போர்ட்டை எழுதுனேன். அல்லா சத்தியமா.

— கெடைக்கட்டும். கெடைக்க வேணாம்னு யாரு சொன்னா? எங்க தட்டுலேருந்து எடுத்துத்தான் அவன் தட்டுல போடணுமா?

— இருக்கிற பணம் அவ்வளவுதான். கமிட்டி என்ன நோட்டா அடிக்குது?

— சரி. பொண்ணுங்களை எப்படிக் கேட்டீங்க?

— பொண்ணுங்க ஹாஸ்டலுக்குள்ள ஆம்பளையை விடுவாங்களா? மேட்ரன்கிட்ட ஃபாரத்தைக் குடுத்து அனுப்புனேன்.

— விருத்தாம்பாள் அம்மாகிட்ட.

— ஆமா.

— அவுங்க எங்ககிட்ட குடுத்தாங்களா?

— குடுத்திருப்பாங்க. அதெல்லாம் அவுங்க வேலை.

— நானா, அந்த ஹாஸ்டல்ல பதினேழாம் நம்பர் ரூம்ல இருந்தவ நான். உங்க ரிப்போர்ட்டு ஆகஸ்டு கடைசியில போச்சு. அதுக்கு முந்தி ஒத்தை ஃபாரத்தைக்கூட நான் கண்ணால பாக்கல. என்கூட இருந்த சௌந்தரம் பாக்கல. யாரும் பாக்கல.

— கொஞ்சம் மெல்லப் பேசு.

— இங்க யாரு இருக்கா? மழைக்கு ஒதுங்குன ஆடு ரெண்டு இருக்கு. அதுங்க கமிட்டில இல்ல.

— உனக்கு எல்லாம் கிண்டலா இருக்கு.

— கிண்டல் இல்ல நானா. அழுவக்கூடாதுன்னு பேசிக்கிட்டிருக்கேன். சொல்லுங்க. எனக்காவது சொல்லிடுங்க. நான்தான் போறேனே.

— நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?

— இனிமே யார்கிட்டயும் சொல்ல வேண்டியது எனக்கு ஒண்ணும் இல்ல.

— மூணு தடவை போயி நின்னேன் ஷரீபா. அந்தம்மா அசையல. 'வயசுப் பொண்ணுங்ககிட்டப் போயி, உன் கையில எவ்ளோ காசு இருக்கு, அதை யாரு குடுக்குறான்னு கேக்கறது என்ன ஆராய்ச்சி தம்பி? அவுங்க அப்பன்மாருங்க வந்து கேட்டா நான் என்னா பதில் சொல்றது?'ன்னு ஃபாரக் கட்டை வாங்கி அலமாரில வெச்சுப் பூட்டிட்டாங்க. ஆகஸ்டு முப்பதாம் தேதிக்குள்ள ரிப்போர்ட்டு போகலன்னா கிராண்டு நின்னுரும். கிராண்டு நின்னா நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஸ்டென்சில் என்கிட்ட இருந்துச்சு. மிஷின்ல இன்னொரு அறுபது ஃபாரம் உருட்டிட்டேன்.

— உருட்டிட்டு?

— நானே எழுதிட்டேன்.

— அறுபதுமா?

— அறுபதும். ரெண்டு நாளு ரூமைச் சாத்திக்கிட்டு. கொஞ்சம் நீல மை, கொஞ்சம் கறுப்பு மை. பத்துப் பன்னெண்டு இடது கையில. ஏன் அப்படிப் பாக்குறே? அடிக்கிறதுன்னா அடிச்சிடு.

— எதை வெச்சு எழுதுனீங்க?

— சும்மா கண்ணை மூடிக்கிட்டு எழுதல! என்னை அவ்வளவு கேவலமா நெனக்காதே. ஆதாரம் இருந்துச்சு. ஹாஸ்டல் மெஸ் ரெஜிஸ்தர் மாசா மாசம் ஆபீசுக்கு வரும்ல? அதை எடுத்துப் பாத்தேன். பசங்க மாசத்துக்கு ஒரு நாளோ ரெண்டு நாளோதான் மெஸ் கட்டு எழுதுறாங்க. பொண்ணுங்க பத்து நாளு! 'ஊருக்குப் போகிறேன், சாப்பாடு வேண்டாம்.' மாசத்துல பத்து நாளு ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் காசைப் போட்டு ஊருக்குப் போயி வர்றவளுக்குப் பணக்கஷ்டம் இருக்குமா? நீயே சொல்லு. அந்தக் கணக்கை வெச்சுத்தான் எண்பத்தஞ்சு பர்சென்ட் போட்டேன்.

— மெஸ் கட்டை வெச்சா?

— ஆமா. ஏன்?

— யா அல்லா. மெஸ் கட்டை வெச்சா எழுதுனீங்க? இது எனக்குத் தெரியாதே. இதை நான் நெனச்சுக்கூடப் பாக்கலயே.

— என்ன தப்பு அதுல? சொல்லித் தொலையேன்.

— நானா, யாரும் ஊருக்குப் போகல.

— ரெஜிஸ்தர்ல கையெழுத்து இருக்கு ஷரீபா. ஒவ்வொருத்தி கையெழுத்தும்.

— கையெழுத்து இருக்கும். மெஸ் கட்டு குடுத்தா நாளைக்கு ஒண்ணரை ரூபா பில்லுல கொறையும். பத்து நாள்னா பதினஞ்சு ரூபா. ஊருக்குப் போறேன்னு எழுதிக் குடுத்தாத்தான் கட்டு உண்டு. அதனால எழுதிக் குடுத்துட்டு ரூமுலயே இருப்போம். கிளாசுக்குப் போவோம், மெஸ் பக்கம் மட்டும் தலை காட்ட மாட்டோம். ஒரு படி அவலு, ஒரு உருண்டை வெல்லம், அஞ்சு பேரு. மேட்ரன் செருப்புச் சத்தம் கேட்டா லைட்டை அணைச்சிட்டு மூச்சைப் புடிச்சுக்கிட்டு கெடப்போம். நாங்கதான் ஊருல இருக்கோமே!

— எத்தனை பேரு இப்படி?

— முறை வெச்சிருந்தோம். மொதப் பத்து நாளு மாடி, அடுத்த பத்து நாளு கீழ்க்கட்டு, கடைசிப் பத்து பின்கட்டு. எல்லாரும் ஒண்ணா ஊருக்குப் போனா சமையக்காரருக்குச் சந்தேகம் வந்துரும்ல? பசங்களுக்குப் பசிச்சா டீக்கடைல கடன் சொல்லுவாங்க. அங்கயே நின்னு காலேஜைத் திட்டுவாங்க. எங்களுக்குக் கடன் குடுக்க எந்தக் கடைக்காரன் இருக்கான்? நாங்க யாரைத் திட்டுறது? அதான் கதவைச் சாத்திக்கிட்டோம். நீங்க அதைத் தொறந்து பாக்காம, 'உள்ள சொகமா இருக்காங்க'ன்னு எழுதிட்டீங்க.

— அப்ப அந்தக் கீரப்பாளையத்துப் பொண்ணு, உன்கூட ரூம்ல இருந்தவ, லேபுல மயங்கி விழுந்தாளே...

— சௌந்தரம். அவ தன்னோட பத்து நாளு முடிஞ்ச பிறகும் இன்னொருத்திக்குப் பதிலா அவலுக்கு வந்தா. பதினாலாவது நாளு விழுந்தா. டாக்டர்கிட்ட பித்தம்னு சொல்லிட்டா. நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டா. இப்ப ஊருல அவுங்க அம்மாகூட நடவுக்குப் போறா. பி.எஸ்ஸி. ரெண்டாம் வருஷம், கிளாசுல மொத மார்க்கு. கால் பூரா சேத்துப்புண்ணுன்னு அவுங்க அம்மா ராசம்மாள் யாரையோ எழுதச் சொல்லி எனக்குக் காயிதம் போட்டிருக்காங்க. 'புள்ளைக்குக் காலேஜுல ஏதோ தப்பு நடந்துச்சா, அதான் அனுப்பிட்டாங்களா'ன்னு கேட்டிருக்காங்க. நான் என்ன பதில் எழுதட்டும் நானா?

— எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது ஷரீபா. நீ ஏன் இதை என்கிட்ட சொல்லல? ஒரே காலேஜுலதானே இருந்தோம்?

— சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. எனக்கும் ஒரு ஃபாரம் எழுதியிருப்பீங்கல்ல?

— விடு.

— எத்தனாவது?

— பதினேழு. உன் ரூம் நம்பரு. அதால ஞாபகம் இருக்கு.

— ஏழாவது கேள்விக்கு என்ன எழுதுனீங்க? கைச்செலவுக்கு மாசம் எவ்வளவுன்னு?

— ஏழாவதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— நீங்கதானே இருபத்திரெண்டு கேள்வின்னீங்க. ஒரு குத்துமதிப்பாச் சொன்னேன். எவ்வளவு எழுதுனீங்க?

— இருபது ரூபா.

— எனக்கு நீங்க குடுத்தது?

— அத்தா அனுப்புற டிராஃப்டு என் பேருக்குத்தான் வருது. ஆனா அதுல வீட்டு வாடகை, அம்மாவோட இழுப்பு மருந்து, எனக்கு இங்க ரூம் வாடகை...

— ஆறு ரூபா. மார்ச்சுலேருந்து அதுவும் இல்ல. எட்டாவது கேள்வி, போதுமா?

— போதும்னு எழுதுனேன். போதுமா உனக்கு? நீ கேக்கவே இல்லயே ஷரீபா! ஒரு தடவையாவது, 'நானா, காசு வேணும்'னு வாயைத் தொறந்து கேட்டிருக்கியா? நீ கேக்கலன்னா போதுதுன்னுதானே நான் நெனப்பேன்? உன்னை மனசுல வெச்சுத்தான் அறுபதையும் எழுதுனேன். கேக்காதவளுக்குத் தேவை இல்லன்னு எழுதுனேன்.

— கேட்டேன். ஒரு தடவை.

— எப்ப?

— ஏப்ரல்ல. நீங்க ஆபீஸ் வாசல்ல சிநேகிதங்களோட நின்னுக்கிட்டிருந்தீங்க. பரீச்சைக் கட்டணம் அஞ்சு ரூபா கொறையுதுன்னேன். 'பாருங்கடா, பூட்டி வெச்ச ஹாஸ்டலுக்குள்ள இதுங்களுக்குச் செலவாம்'னு சிரிச்சீங்க. அவுங்களும் சிரிச்சாங்க. அதுல ஒருத்தரு உங்க தோள்ல கையைப் போட்டு, 'வாடா, காப்பி வாங்கிக் குடு'ன்னாரு. போய்ட்டீங்க.

— எனக்கு ஞாபகம் இல்ல.

— இருக்காது.

— சார், டேசன்ல மணியடிச்சிட்டாங்க, காதுல விழலியா? வல்லம்படுகையை விட்டுட்டான். இன்னும் பத்து நிமிசம். பொட்டிய எந்தப் பக்கம் ஏத்தணும், பொம்பளைங்க பொட்டிலயா, பொதுவுலயா?

— பொதுவுல ஏத்துங்க தங்கராசு. நாங்க ரெண்டு பேரு.

— ஷரீபா!

— டிக்கெட்டு இருக்குல்ல, அதுக்குச் சொன்னேன். நானா, பத்து நிமிசம் இருக்கு. நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. மூணு மணிக்கு சார் வந்ததும் நீங்களே போயி சொல்லிடுங்க. 'அந்த அறுபதும் நான் எழுதுனது, பொண்ணுங்களை நான் கேக்கவே இல்ல'ன்னு.

— பைத்தியமா உனக்கு?

— உங்க மேல அவருக்குப் பிரியம். நீங்களா சொன்னா ஒரு மாதிரி, அவருக்கே தெரிஞ்சா வேற மாதிரி.

— அவருக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லுவா? மேட்ரன் வாயைத் தொறப்பாங்களா? தொறந்தா, 'ஃபாரத்தை ஏம்மா பூட்டி வெச்சே?'ன்னு மொதல்ல அவுங்க வேலை போவும். உண்மையான ஃபாரம்னு ஒண்ணு இந்த உலகத்துலயே இல்ல. அந்தக் கட்டு அலமாரில இன்னும் வெள்ளையாக் கெடக்கு. நான் போயி பொய்யின்னு சொன்னா என்ன ஆகும்? என் வேலை போவும். சலுகை திரும்பி வந்துருமா? 'ஆராய்ச்சியே இல்ல'ன்னுதான் ஆவும். உங்களுக்கும் இல்ல, பழனிவேலுக்கும் இல்ல, எனக்கும் இல்ல.

— உண்மையான ஃபாரம் இருந்தா?

— இல்லயே!

— இருந்தா சொல்லுவீங்களான்னு கேட்டேன்.

— இருந்தா... பாரு, இப்படி நெருக்காதே. ஆர்டர் மொதல்ல கைக்கு வரட்டும். ரெண்டு மாசம் போகட்டும். பெர்மனன்ட் ஆனவனைச் சுலபத்துல வெளிய தள்ள மாட்டாங்க. அப்புறமா மெல்ல, 'சார், அந்தப் பொண்ணுங்க பக்கத்தை இன்னொரு தடவை பாக்கலாம்'னு நானே பேச்சை எடுக்குறேன்.

— ரெண்டு மாசத்துல சௌந்தரம் நடவு முடிச்சு களையெடுக்கப் போயிருப்பா.

— அதுக்கு நான் என்ன பண்ணணும்? சாகணுமா? சொல்லு, இந்தத் தண்டவாளத்துல படுத்துர்றேன். அம்மாவுக்கு இழுப்பு வந்து உதடு நீலம் பாரிக்கிறப்ப ஊசி போட எவன் காசு குடுப்பான்? அத்தா கடையை மூடப்போறேன்னு எழுதிட்டாரு, உனக்கு அதுவும் தெரியாது. நான் சொல்லல. பினாங்குலேருந்து இனிமே டிராஃப்டே வராது ஷரீபா. என் சம்பளம் ஒண்ணுதான். அதையும் நானே போயி நெருப்புல போடவா?

— அத்தா எழுதுனாரா? எப்ப?

— ரெண்டு மாசம் ஆச்சு.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே நானா.

— நீ கவலைப்படக் கூடாதுன்னுதான்.

— நீங்க எனக்குச் சொல்லல. நான் உங்களுக்குச் சொல்லல. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு நல்லாத்தான் பாத்துக்கிட்டோம்.

— அழாதே. ஆளுங்க பாக்குறாங்க.

— பாக்கட்டும். கடைசியா ஒரு தடவை கேக்குறேன். எனக்காக வேணாம். நான் பேரை எடுத்துட்டேன், எனக்கு இனிமே அந்தச் சலுகை வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். மத்தவங்களுக்காக. மூணு மணிக்கு சார் ரூமுக்குள்ள நீங்க நுழையறப்ப, ஆர்டர் வாங்குறதுக்கு முந்தி சொல்லுவீங்களா?

— முடியாது.

— நல்லா யோசிச்சு சொல்லுங்க.

— யோசிக்க என்ன இருக்கு? முடியாது ஷரீபா. என்னைக் கோழைன்னு சொல்லு, திருடன்னு சொல்லு. நூத்திருபது ரூபாய்க்கு மூணு வருஷம் நாய் மாதிரி ஓடுனவனுக்கு இன்னிக்கி ஒரு காயிதம் வருது. அதை நான் வாங்கத்தான் போறேன்.

— வந்துட்டான் வந்துட்டான்! பின்னால போங்க, புகை அடிக்கும். சார், நீங்க மொதல்ல ஏறிப் பொட்டியை வாங்கிக்கிங்க, நான் கீழேருந்து குடுக்குறேன். அம்மா, நீ ஏறு மவராசி. ஜன்னலோரமா எடம் இருக்குது பாரு. ஒரு நிமிசம்தான் நிப்பான், சொல்லிப்புட்டேன்.

— பிடிச்சுட்டேன், விடு. ஷரீபா, இங்க ஒக்காரு. பெட்டியைக் காலடியில வெச்சுக்க. கிள்ளையில மீன்காரங்க ஏறுவாங்க, எடத்தை விட்டுடாதே. இந்தா, இதுல ரெண்டு ரூபா இருக்கு.

— வேணாம்.

— வாங்கிக்க. கேக்காட்டியும் குடுக்குறேன், பாத்தியா? சரி, நான் எறங்குறேன். மணி ஒண்ணரை ஆவுது. சட்டையை மாத்திட்டுத்தான் சார்கிட்ட போகணும்.

— கையை விட மாட்டேன் நானா. ஒரு நிமிசம்.

— ரயிலு போயிரும். ஜூன்ல வந்து கூட்டிட்டுப் போறேன், அம்மா மேல ஆணை.

— சார், கார்டு பச்சைக்கொடி எடுத்துட்டாரு. எறங்குறதுன்னா எறங்குங்க, போறதுன்னா உள்ள போங்க. வாசப்படியில தொங்காதீங்க.

— இதோ எறங்குறேன் தங்கராசு. ஷரீபா, விடுன்னா!

— ஆயுத பூசைக்கு விருத்தாம்பாள் அம்மா அலமாரியைத் தொடச்சாங்க.

— என்ன?

— வருஷத்துல ஒரு நாளு அந்த அலமாரியைக் காலி பண்ணிச் சந்தனம் வெப்பாங்க. உள்ள கெடந்த கட்டை எடுத்து, 'உங்க அண்ணன் குடுத்தது, எனக்கு எதுக்கு இந்த வம்பு'ன்னு என் கையில குடுத்துட்டாங்க. அறுபது பேரும் எழுதுனோம். ஊருக்குப் போகாத பத்து நாளை எல்லாரும் எழுதுனாங்க. அதைக் குடுக்கத்தான் உங்க ஆபீசுக்கு வந்தேன். உள்ள நீங்க சார்கிட்ட, 'அறுபது பொண்ணுங்களும் ஆகஸ்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்க'ன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. வாசல்லயே திரும்பிட்டேன்.

— எங்க அது? பெட்டிக்குள்ளயா? ஷரீபா, குடு. பெட்டியைத் தொற, இப்பவே என்கிட்ட குடு!

— ஒரு மாசம் பெட்டிலதான் இருந்துச்சு, நீங்களா சொல்லுவீங்கன்னு. பதினேழாவது என்னுது. 'உங்கள் பணம் யார் கையில் வருகிறது'ங்கிற கேள்விக்கு மட்டும் ஒண்ணும் எழுதாம விட்டுட்டேன்.

— இப்ப எங்க இருக்கு?

— எனக்காகச் செஞ்சேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதுன்னு, மொதல்ல டி.சி. வாங்குனேன். அப்புறம் பெருக்குற இருசம்மா, சாரோட ரூமைத் தொறந்து கூட்டுறப்ப உள்ள போயி, அறுபதையும் அவரு மேஜை மேல வெச்சிட்டு, நேரா இங்க வந்து ரெண்டு டிக்கெட்டு எடுத்தேன். ஆர்டர் வாங்கறதுக்குன்னா எறங்காதீங்க, அது இனிமே கெடைக்காது. மூணு மணிக்கு சார் அதைப் பாக்குறதுக்கு முந்தி நீங்களே சொல்றதுக்குன்னா, இப்பவே எறங்கிடுங்க நானா.